வேலிக் குழி போட எது சரி: கடப்பாரையா, பெட்ரோல் ஆகரா, டிராக்டரா?

தை அறுப்பு முடிந்து வயல் காலியானதும் டெல்டாவில் வேலிப் பேச்சு ஆரம்பித்துவிடும். உளுந்து, பயறு எடுக்கிற வரைக்கும் ஆடு மாடுகளைக் கட்டிவைப்பார்கள், அப்புறம் அவிழ்த்துவிடுவார்கள். பங்குனி, சித்திரையில் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து, இரவில் வயலிலேயே அடைத்துவைக்கும் கிடை ஆடுகளும் வந்து சேரும். நெல் வயலுக்குக் கிடை நல்ல உரம். பக்கத்துத் திடலில் போன வருஷம் வைத்த தென்னங்கன்றுக்கும் தேக்குக்கும் அதே ஆடுகள்தான் எமன். அதனால் மாசிக்குள் கல் ஊன்றிக் கம்பி கட்டிவிட வேண்டும் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் ஆள் தேடுகிறோம்.

முன்பெல்லாம் இதில் யோசிக்க ஒன்றுமில்லை. இரண்டு ஆள், இரண்டு கடப்பாரை, ஒரு மண்வெட்டி, அவ்வளவுதான். இப்போது சுருள் தகட்டைச் சுழற்றி மண்ணில் துளை போடும் ஆகர் என்ற பெட்ரோல் மெஷினைப் பைக்கில் கட்டிக்கொண்டு வந்து குழிக்கு இவ்வளவு என்று பேசுகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் குழி போடும் கருவியும் வந்துவிட்டது. ஆளும் முன்போல் கிடைப்பதில்லை. எதைக் கூப்பிடுவது என்பதுதான் கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காவிரி, வெண்ணாற்றுப் பாசனப் பகுதியின் களிமண்ணில், ஐம்பது குழிக்கு மேல் இருந்தால், மண் பதமாக இருக்கும் நாளாகப் பார்த்துப் பெட்ரோல் ஆகரை வாடகைக்கு எடுப்பதே சரி. பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண்ணில் டிராக்டர் உள்ளே போக வழி இருந்தால் டிராக்டர். செம்புறாங்கல் தட்டுகிற இடத்திலும், இருபது முப்பது குழி மட்டும் போடுகிற இடத்திலும் கடப்பாரையே போதும். ஆனால் இந்த மூன்றில் எதை எடுத்தாலும் நாளைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் காசு விரயம்தான். மெஷினை விட மண்ணின் பதம்தான் பெரிய விஷயம் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

மண்ணைப் பாருங்கள்

டெல்டா என்றால் எல்லாம் ஒரே வண்டல் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், மன்னார்குடி, நாகப்பட்டினம் என்று பழைய பாசனப் பகுதி முழுக்கப் பெரும்பாலும் கனத்த களி. மண் ஆய்வில் களத்தூர் வகை, ஆதனூர் வகை என்று குறிப்பிடுவது இந்தக் களிமண்ணைத்தான். தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். சித்திரையில் வயலுக்குள் போய்ப் பார்த்தால் வெடிப்புக்குள் கை போகும். ஆற்றங்கரையை ஒட்டிய படுகை நிலம் வேறு. அங்கே மணல் கலந்த பொலபொலப்பான மண், எந்தக் கருவிக்கும் தோதானது.

கல்லணைக் கால்வாய்ப் பாசனம் தனி உலகம். 1934இல் மேட்டூர் அணை வந்தபோது அதோடு சேர்ந்து தண்ணீர் கண்ட ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதியை இன்றைக்கும் புது டெல்டா என்றுதான் சொல்கிறோம். அங்கே செம்மண்ணும் மணல் கலந்த மண்ணும் அதிகம். பல இடங்களில் கீழே சரளை இருக்கும். தஞ்சாவூருக்குப் பக்கத்தில் வல்லம் மேட்டில் செம்புறாங்கல்லே மேலே தெரியும். கடைசியாகக் கடலோரம். வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் சுத்த மணல்.

களிமண்ணில் குழி போட வருஷத்தில் நல்ல நாட்கள் கொஞ்சம்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டடி தோண்டினாலே குழிக்குள் தண்ணீர் ஊறும். சேறு ஆகரில் ஒட்டிக்கொண்டு உதறினாலும் விழாது. சித்திரை, வைகாசியில் அதே மண் செங்கல்லாகிவிடும். ஆகரின் முனை மேலேயே சுற்றிக்கொண்டு நிற்கும், உள்ளே இறங்காது. இரண்டுக்கும் நடுவில், அறுப்பு முடிந்து மேல் மண் காலில் ஒட்டாமல் உலர்ந்து, உள் மண்ணில் ஈரம் இருக்கும் தை கடைசி, மாசி மாதம்தான் சரியான சமயம். ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பாருங்கள். உருண்டையாக வரவேண்டும், கையில் பிசுபிசுவென்று ஒட்டக்கூடாது, விரலால் அழுத்தினால் பிளக்க வேண்டும். அந்தப் பதத்தில் ஆகர் இறங்குகிற வேகத்தைப் பார்த்தால் மனசு நிறைந்துவிடும்.

மாசி தவறிவிட்டதா? கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்து இரண்டு நாள் கழித்துப் போடலாம். அதுவும் இல்லையென்றால் முதல் நாள் சாயங்காலம் குறி வைத்த இடத்திலெல்லாம் கடப்பாரையால் அரையடிப் பள்ளம் பறித்து பள்ளத்துக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். இரவு முழுக்க ஊறி, காலையில் மண் வழிக்கு வரும். வெடித்த நிலத்தில் தண்ணீர் வெடிப்பு வழியாகப் போய்விடும் என்பதால் இரண்டு தடவை ஊற்ற வேண்டியிருக்கும்.

குழிக்குள் எது நிற்கப்போகிறது?

எத்தனை குழி என்று முதலில் எண்ணுங்கள். மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர், சதுரமாக இருந்தால் சுற்றளவு சுமார் 835 அடி. பத்தடிக்கு ஒரு கல் என்றால் 84 குழி. எட்டடிக்கு ஒன்று என்றால் 105 வரும். ஆனால் நம் ஊரில் சதுரமான நிலம் யாருக்கு இருக்கிறது? வாய்க்காலிலிருந்து வடிகால் வரைக்கும் நீட்டமாக வெட்டிய பங்குகள்தான் அதிகம். 100 அடி அகலம், 436 அடி நீளம் என்றால் அதே ஒரு ஏக்கருக்குச் சுற்றளவு 1,070 அடியைத் தாண்டிவிடும். இருபது கல்லுக்கு மேல் கூடுகிறது. ஏக்கர் கணக்கில் வேலியைப் பேசாமல் அடிக்கணக்கில் பேசுவதே நல்லது.

அடுத்தது குழியின் அகலம். பலர் இதில் அவசரப்பட்டு ஆறு அங்குல பிட் (ஆகரில் மாட்டும் சுருள் முனை) போதும் என்று சொல்லிவிடுகிறார்கள். நாலுக்கு நாலு அங்குலக் கான்கிரீட் கல்லின் மூலைவிட்டம் மட்டுமே ஐந்தே முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆறு அங்குலக் குழியில் கல் இறங்கும், ஆனால் நூல் பிடித்து நகர்த்தவோ, பக்கத்தில் மண் போட்டு இடிக்கவோ இடம் இருக்காது. நாலு அங்குலக் கல்லுக்கு எட்டு அங்குலக் குழிதான் வாகு. இரும்பு பைப், சவுக்குக் கட்டை என்றால் ஆறு போதும்.

ஆழத்துக்கு ஊரில் சொல்கிற கணக்கே சரி. கல்லின் நீளத்தில் நாலில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது, மூன்றில் ஒரு பங்கு என்றால் இன்னும் உறுதி. ஏழடிக் கல்லுக்கு இரண்டடி, எட்டடிக் கல்லுக்கு இரண்டரை அடி.

இந்த அகலக் கணக்கில்தான் மெஷினின் உண்மையான லாபம் ஒளிந்திருக்கிறது. கடப்பாரையால் இரண்டடி ஆழம் போக வேண்டுமென்றால் ஆள் கையை விட்டு மண்ணை அள்ள இடம் வேண்டும். அதனால் மேலே பன்னிரண்டு, பதினாலு அங்குலமாவது விரிந்துவிடும். பதினாலு அங்குலக் குழியில் நாலு அங்குலக் கல்லை வைத்தால் சுற்றிலும் நிரப்ப ஏறக்குறைய 1.9 கன அடி கலவை வேண்டும். எட்டு அங்குலக் குழியில் அரை கன அடிக்கும் குறைவு. 84 குழிக்குக் கணக்குப் போட்டால் ஒன்று 160 கன அடி, மற்றொன்று 40 கன அடி. ஒரு யூனிட் என்பது 100 கன அடி என்பதை வைத்து ஜல்லி, எம்-சாண்ட், சிமெண்ட் விலையைப் போட்டுப் பாருங்கள். குழி வெட்டுகிற கூலியில் மிச்சமாவதை விடக் கலவையில் மிச்சமாவது பெரிதாக இருக்கும். மண் போட்டு இடித்து நிறுத்துகிறவர்களுக்கும் இதே நியாயம்தான். அகலம் குறையக் குறைய, கலையாத மண் கல்லுக்குப் பக்கத்தில் இருக்கும், பிடிப்பும் கூடும்.

களிமண்ணுக்கு இன்னொன்றும் உண்டு. கடப்பாரைக் குழி மேலே அகன்று கீழே குறுகிப் புனல் வடிவத்தில் இருக்கும். அதில் கான்கிரீட் போட்டால், மழையில் உப்பும் களி அந்தச் சாய்ந்த பக்கத்தை மேலே தள்ளப் பார்க்கும். மூன்று நாலு மழைக்காலம் போனதும் கல் லேசாகக் கிளம்பிக் கம்பி தொய்வதற்கு இது ஒரு காரணம். ஆகர் போடும் நேர்க்குழியில் அந்தத் தொல்லை குறைவு. கடப்பாரையால்தான் போடுவது என்றால் அடியைக் கொஞ்சம் அகட்டிவிடச் சொல்லுங்கள்.

கடப்பாரை

கடப்பாரையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. பதமான மண்ணில் கைதேர்ந்த ஆள் ஒரு நாளில் பத்து, பதினைந்து குழி இரண்டடி ஆழத்துக்குப் போட்டுவிடுவார். குத்தி நெகிழ்த்தி, தகர டப்பாவாலோ கொட்டாங்கச்சியாலோ மண்ணை அள்ளி வெளியே போடும் லாகவம் பார்க்கவே அழகு. வேர் வந்தால் வெட்டலாம், ஓடு வந்தால் நெம்பலாம், கோடு அரை அங்குலம் விலகினால் அந்தப் பக்கம் செதுக்கிச் சரிசெய்யலாம். மெஷினால் இந்த மூன்றும் முடியாது. பெட்ரோல் பிடிக்காது, ரிப்பேர் ஆகாது, வரப்பு எவ்வளவு குறுகலாக இருந்தாலும் போகும்.

குறை என்னவென்றால் நாள். 84 குழிக்கு இரண்டு ஆள் என்றால் மூன்று நாலு நாள் ஆகிவிடும். களிமண்ணின் பதமோ அத்தனை நாள் காத்திருக்காது. மாசி வெயிலில் முதல் நாள் வெண்ணெய்யாக வந்த மண் நாலாம் நாள் முரண்டு பிடிக்கும். தவிர, இந்த வேலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். முதுகு ஒடிய நாலு நாள் குனிந்து நிற்கச் சொல்வது நியாயமாகவும் எனக்குப் படவில்லை. குழியை மெஷினுக்கு விட்டுவிட்டு, கல் நிறுத்த, நூல் பிடிக்க, இடித்துக் கெட்டிப்படுத்த அதே ஆட்களை வைத்துக்கொள்ளலாம். அனுபவம் தேவைப்படும் வேலை அதுதான்.

குத்தகை நிலம், கோயில் நிலம் சாகுபடி செய்கிறவர்கள் கல் ஊன்றுவதையே யோசித்துச் செய்ய வேண்டும். ஒதியன், பூவரசு, முள்முருங்கைப் போத்து நட்டு நடுவில் கிளுவை வைத்தால் ஒன்றிரண்டு வருஷத்தில் உயிர்வேலி எழும்பிவிடும். அதற்கு ஓரடி ஓட்டை போதும், மழைக்காலத்தில் கடப்பாரையைக் குத்தி ஆட்டினாலே ஆயிற்று. மெஷின் பேச்சே வேண்டாம்.

கை ஆகர்

டி வடிவக் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றும் கை ஆகர், கையாலேயே போர் இறக்கும் கைபோர் ஆட்களிடம் இருக்கும். படுகை மண்ணிலும் ஈர மணலிலும் சத்தமில்லாமல் நேராக இறங்கும். பத்து, இருபது குழிக்கு நல்லது. கெட்டிக் களியில் இரண்டு பேர் சுற்றினாலும் தோள் விட்டுப்போகும்.

வேதாரண்யம் பக்கத்துக் காய்ந்த மணலுக்கு எந்த ஆகரும் சரிப்படாது. பிட்டில் மணல் நிற்காமல் சரிந்து குழிக்குள்ளேயே விழும். தண்ணீர் விட்டு நனைத்துக்கொண்டு போடலாம், அல்லது கல்லை விட அகலமான பிவிசி குழாய்த் துண்டை இறக்கிக்கொண்டே உள்ளே இருக்கும் மணலை அள்ளலாம். அங்கே கைபோர்க்காரர்கள் சொல்வதைக் கேட்பதே உத்தமம்.

பெட்ரோல் ஆகர்

கடைகளில் அதிகம் கிடைப்பது 52 சிசி, 63 சிசி டூ ஸ்ட்ரோக் மெஷின்கள். 4, 6, 8, 10, 12 அங்குல பிட்டுகள் மாட்டலாம். பிட்டின் நீளம் பொதுவாக 80 சென்டிமீட்டர், அதாவது இரண்டரை அடிக்குச் சற்று மேல். எட்டடிக் கல் வரைக்கும் இதுவே போதும். மூன்றடி ஆழம் வேண்டுமென்றால் எக்ஸ்டென்ஷன் ராடு மாட்ட வேண்டும்.

பன்னிரண்டு அங்குல பிட் மாட்டலாம் என்று பெட்டியில் போட்டிருப்பதை நம் களிக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. ஆறு அங்குலக் குழியை விட எட்டு அங்குலக் குழியில் வரும் மண் முக்கால் பங்குக்கும் மேல் கூடுதல். பன்னிரண்டு என்றால் நாலு மடங்கு. பொலபொலப்பான மண்ணில் சின்ன இன்ஜின் அதைத் தூக்கும். ஒட்டும் களியில் திணறி நின்றுபோகும். கையில் பிடிக்கும் மெஷினுக்கு டெல்டாக் களியில் எட்டு அங்குலம்தான் நியாயமான எல்லை என்பது என் கருத்து. அதைவிட அகலம் வேண்டுமென்றால் எட்டில் போட்டுவிட்டுப் பக்கங்களைக் கடப்பாரையால் சரித்துக்கொள்ளலாம்.

வேலை தெரிந்தவர் கையில் இது எப்படி ஓடுகிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். குறியில் முனையை வைத்து, முதலில் மெதுவாகச் சுற்ற விடுவார். முனை மண்ணைக் கவ்வியதும் ஆக்சிலேட்டரைக் கூட்டுவார். அரையடி இறங்கியதும் தூக்குவார். சுற்றிக்கொண்டே மேலே வரும்போது சுருள் தகட்டின் ஓரத்தில் களி கறுப்பாக மினுமினுத்துக்கொண்டு துண்டு துண்டாகக் குழியின் விளிம்பில் விழும். மறுபடி இறக்கி மறுபடி அரையடி. பதமான மண்ணில் ஒரு குழிக்கு இரண்டு மூன்று நிமிஷம் ஆகும். நகர்வது, பெட்ரோல் ஊற்றுவது, தண்ணீர் குடிப்பது எல்லாம் சேர்த்தாலும் 84 குழி ஒரே நாளில் முடிந்துவிடும்.

தெரியாதவர் ஒரே மூச்சில் இரண்டடியையும் இறக்கப் பார்ப்பார். அங்கேதான் வில்லங்கம். திருகாணி போல மண்ணுக்குள் ஏறிக்கொண்டு பிட் நின்றுவிடும், மேலே இருக்கும் மண் அதை அமுக்கிக்கொள்ளும். மன்னார்குடிப் பக்கம் ஒரு திடலில் வயதான கூலியாள் ஒருவர் மெஷின் பிடித்த பையனிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, அவசரப்படாதே. கொஞ்சம் இறக்கு, தூக்கு, மண்ணை உதறு. மண்ணு மூச்சு விடணும்ல." அந்தப் பையனும் "சரி பெரியப்பா" என்று அப்படியே செய்தான். அதற்கப்புறம் அன்றைக்கு ஒரு பிட்டும் சிக்கவில்லை.

சிக்கிக்கொண்டால் இன்ஜினை நிறுத்திவிட வேண்டும். இந்தச் சின்ன மெஷின்களில் பெரும்பாலும் ரிவர்ஸ் கிடையாது. மெஷினைக் கழற்றிவிட்டு, பைப் ரிஞ்ச் போட்டுப் பிட்டை எதிர்ப்பக்கமாகத் திருகித்தான் வெளியே எடுக்க வேண்டும். ஓடவிட்டுக்கொண்டே நாலு பேர் இழுப்பது கியர் பெட்டிக்கும் கேடு, ஆளுக்கும் ஆபத்து.

ஆபத்து என்று சொல்லும்போது ஒன்றை விளக்கமாகச் சொல்ல வேண்டும். பிட் வேரிலோ கல்லிலோ சிக்கித் திடீரென்று நின்றால், இன்ஜினின் விசை கைப்பிடிப் பக்கம் திரும்பும். பிட்டுக்குப் பதிலாக மெஷின் சுற்றப் பார்க்கும். பிடித்திருப்பவரின் மணிக்கட்டு, தோள், விலா எங்கே வேண்டுமானாலும் அடிபடலாம். அதனால் இரண்டு பேர் பிடிக்கும் கைப்பிடி உள்ள மெஷினுக்கு இரண்டு பேர்தான் நிற்க வேண்டும், ஒருத்தரே சமாளிப்பார் என்று விடக்கூடாது. ஒரு ஆள் மெஷின் என்றால் காலை அகட்டி ஊன்றி, உடம்போடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். வேட்டி, கைலி, தோளில் தொங்கும் துண்டு எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. பேண்ட், ஷூ, காதுக்குப் பஞ்சாவது வேண்டும். அதிர்வு நாள் முழுக்கக் கையில் ஏறும் என்பதால் பத்துப் பதினைந்து குழிக்கு ஒருமுறை ஆள் மாறுவது நல்லது. வாடகைக்கு வரும் பையன் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்வான் என்று இருந்துவிடாதீர்கள். நம் நிலத்தில் வேலை செய்கிறவர் நம் பொறுப்பு.

வேர் என்றதும் கஜா நினைவுக்கு வருகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் அந்தப் புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகள் அப்படியே சாய்ந்தன. விழுந்த மரத்தை அறுத்து எடுத்தார்கள், அடிக்கட்டையும் வேரும் பல தோப்புகளில் மண்ணிலேயே தங்கின. தென்னை வேர் பருத்த வேர் இல்லை, நூற்றுக்கணக்கான நார் வேர். பிட்டில் கயிறு மாதிரிச் சுற்றிக்கொள்ளும். பழைய தோப்பின் எல்லையில் குழி போடுகிறவர்கள் கையில் அரிவாள் வைத்துக்கொண்டு அவ்வப்போது பிட்டைச் சுத்தம் செய்துகொண்டே போக வேண்டும். மட்கிய அடிக்கட்டை இருந்த இடத்தில் மண் பொதபொதவென்று இருக்கும். அங்கே கல் நிற்காது. இரண்டடி தள்ளிக் குறி வையுங்கள்.

ஈரக் களியில் ஆகர் போட்ட குழியின் பக்கச் சுவர் மெழுகிவிட்டது போல வழவழப்பாகிவிடும். கல் ஊன்ற இதனால் பெரிய பாதகமில்லை, கடப்பாரை முனையால் நாலு பக்கம் கீறிவிட்டால் மண் பிடிக்கும். ஆனால் வேலிக்கு வந்த மெஷினை வைத்தே மரக்கன்றுக்கும் குழி போட்டுக்கொள்ள நினைத்தால் கட்டாயம் சுவரைக் கொத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் வேர் வெளியே போகாமல் தொட்டிக்குள் சுற்றுவது போல உள்ளேயே சுற்றும், மழையில் தண்ணீரும் நிற்கும். தென்னைக்கு மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம் என்பது பரிந்துரை. அதற்கு இந்தக் கருவியே பொருந்தாது.

வாங்கலாமா?

வேலி ஒருமுறை போடுகிற வேலை. அதற்காக மெஷின் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. மரக்கன்று நடுவதைத் தொழிலாகச் செய்கிறவர், பந்தல் போடுகிறவர், நாலைந்து பேர் சேர்ந்து வாடகைக்கு விட நினைக்கிறவர் வாங்கலாம். அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும் மானியம் என்பது பொதுவான விதி. எந்தக் கருவி, எந்த மாடல் பட்டியலில் இருக்கிறது என்பதை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.

வாங்கினால் பராமரிப்பில் கவனம் வேண்டும். டூ ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும். 25:1 என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 40 மில்லி, 50:1 என்றால் 20 மில்லி. மெஷினோடு வந்த புத்தகத்தில் உள்ளதைத்தான் பின்பற்ற வேண்டும். ஆயில் இல்லாமல் ஒரு டேங்க் ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். மாசியில் வேலை முடித்து டேங்கில் பெட்ரோலோடு மூலையில் வைத்துவிட்டு, மழைக்காலம் தாண்டி அடுத்த தையில் எடுத்தால், தண்ணீரும் எத்தனாலும் அடியில் தனியாகப் பிரிந்திருக்க வாய்ப்புண்டு. அதில் ஆயில் இருக்காது. கார்புரேட்டரும் பழுதாகும். வேலை முடிந்த அன்றே டேங்கைக் காலிசெய்து, தானாக நிற்கும் வரை ஓடவிட்டு வையுங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் இது இரட்டை அவசியம்.

டிராக்டர்

டிராக்டரின் பிடிஓவில், அதாவது இன்ஜின் விசையைக் கருவிக்குத் தரும் பின்பக்கத் தண்டில், ஓடும் குழிக் கருவிக்குப் பலம் அதிகம். சரளை கலந்த செம்மண்ணிலும் ஒன்பது, பன்னிரண்டு அங்குலக் குழியைச் சிரமமில்லாமல் போடும். மனிதர் கையில் அதிர்வு இல்லை. பாறை தட்டினால் ஷியர் போல்ட் அறுந்து கியரைக் காப்பாற்றும். அதனால் ஓட்டுநரிடம் நாலைந்து போல்ட் உபரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நூறு குழிக்கு மேல், திறந்த நிலம், வண்டிப் பாதை எல்லாம் அமைந்தால் இதை மிஞ்ச முடியாது.

பழைய டெல்டாவில் இந்த மூன்றும் அமைவதுதான் அபூர்வம். வேலி போட வேண்டிய எல்லை வரப்பு ஓரத்திலோ வாய்க்கால் கரையிலோ இருக்கும். டிராக்டர் பின்பக்கமாக வந்து கோட்டுக்கு நேராக நிற்க வேண்டும், அதற்கு உள்பக்கம் உளுந்து நிற்கும், வெளிப்பக்கம் அடுத்தவர் வயல். அறுப்பு முடிந்த புதிதில் சக்கரம் புதையும். புதையாமல் இருக்கக் காத்திருந்தால் மண் காய்ந்துவிடும். சுருக்கமாக, களிமண்ணில் ஆகருக்கு ஏற்ற ஈரமும் டிராக்டர் ஏற ஏற்ற காய்ச்சலும் ஒரே நாளில் அமைவதில்லை. புது டெல்டாவில் இந்தச் சிக்கல் குறைவு. மழை விட்ட இரண்டாம் நாளே வண்டி இறங்கும்.

வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரை மணிக்கணக்கில் வாடகைக்குத் தருகிறது. உழவன் செயலி வழியாகப் பதியலாம். குழிக் கருவி உங்கள் பகுதி அலுவலகத்தில் இருக்கிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஜேசிபியை வேலிக் கல்லுக்குக் கூப்பிடாதீர்கள். வாளியின் அகலத்துக்கு மண் கலைந்துவிடும், கலைந்த மண்ணில் கல் நிற்காது.

குறி வைப்பதற்கு முன்

கடப்பாரை ஆளுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கையில் தெரியும். பிவிசி பைப்பில் பட்டால் சத்தம் மாறும், நிறுத்துவார். மெஷினுக்கு அது தெரியாது. போர் செட்டிலிருந்து போகும் பைப், மோட்டார் ஒயர் எந்த வழியாகப் போகிறது என்று புதைத்தவரையே கூப்பிட்டுக் கேட்டுச் சுண்ணாம்பால் கோடு போடுங்கள். சந்தேகமான இடத்தில் நாலைந்து குழியைக் கையால் போட்டுக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் எண்ணெய், எரிவாயுக் குழாய்கள் வயல்களுக்கு அடியில் போகின்றன. குழாய் போகும் தடத்தில் எச்சரிக்கைப் பலகையோ குறியீட்டுக் கல்லோ நட்டிருப்பார்கள். 1962ஆம் ஆண்டின் குழாய்ப் பாதைச் சட்டப்படி அந்தத் தடத்தில் கட்டடம் கட்டவோ கிணறு வெட்டவோ மரம் நடவோ கூடாது. வேலிக் கல்லும் அங்கே வேண்டாம், ஆகரைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். பலகையில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து கேட்டுவிட்டு எங்கே ஊன்றலாம் என்று முடிவு செய்யுங்கள். இந்த ஒரு விஷயத்தில் எந்தச் சிக்கனமும் கூடாது.

எல்லைக் கல்லையும் பாருங்கள். சர்வே கல் புதைந்து கிடந்தால் நில அளவருக்கு விண்ணப்பித்து அளந்துவிட்டுக் குழி போடுவது பங்காளி சண்டையை மிச்சப்படுத்தும்.

எதை வைத்துக் குழி போட்டாலும் மூலைக் கல்லுக்கும் கேட் கல்லுக்கும் தனிக் கவனம் வேண்டும். கம்பியின் இழுவை முழுக்க அவற்றின் மேல்தான். அந்தக் குழிகளை அரையடி கூடுதல் ஆழமாக, கான்கிரீட் போடும் அளவுக்கு அகலமாகக் கடப்பாரையால் முடித்து, இரண்டு பக்கமும் முட்டுக் கல் கொடுங்கள். நடுக் கல்லுக்குக் களிமண்ணில் அடியில் நாலு அங்குலம் செங்கல் ஜல்லி, அதன்மேல் அரையடிக்கு ஒருமுறை மண் போட்டு இடித்தால் போதும். முதல் கோடையில் கல்லைச் சுற்றி மண் சுருங்கி இடைவெளி விடும். அதில் சரளையும் மணலும் போட்டு ஒருமுறை இடித்துவிட வேண்டும்.

மெஷின்காரரிடம் போனில் பேசும்போதே கேட்க வேண்டியவை உண்டு. எட்டு அங்குல பிட் வைத்திருக்கிறாரா, எக்ஸ்டென்ஷன் இருக்கிறதா, உடன் ஆள் வருவாரா அல்லது நாம் விட வேண்டுமா, பெட்ரோல் யாருடையது. குழிக்கு இவ்வளவு என்றால் எத்தனை அடி ஆழத்துக்கு அந்தத் தொகை என்பதையும், வேரோ கல்லோ வந்து பாதியில் விட்ட குழிக்குக் காசு உண்டா என்பதையும் பேசிவிடுங்கள். மண் காய்ந்திருக்கிறது என்று அவரே சொன்னால் அவர் பேச்சைக் கேட்டு இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள், அதற்குள் தண்ணீர் ஊற்றி வைக்கலாம்.